குப்பைக்கிடங்குக்குப் பக்கத்துக் கிணறுகள்: நிலத்தடி நீரைக் கண்காணிக்கத் தொடங்குவது எப்படி?

குப்பைக்கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்கள், போர்வெல் தண்ணீர் நிறம் மாறியதும் ஒரு பாட்டிலில் பிடித்துப் போய் ஆய்வகத்தில் கொடுப்பார்கள். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் என்று தாள் வரும். அதை இணைத்து, கிடங்குதான் காரணம் என்று மனு போடுவார்கள். “அந்தப் பகுதித் தண்ணீரே உப்புத்தான்” என்று பதில் வரும். இரண்டு தரப்பில் யார் சொல்வது சரி என்பதை அந்த ஒரு தாளை வைத்துச் சொல்லவே முடியாது. சொல்ல வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கிணறு வேண்டும், இன்னொரு பருவம் வேண்டும். கண்காணிப்பு என்பது இந்த ஒப்பீடுதான். சோதனைக்குக் கொடுப்பது அதில் ஒரு பகுதி மட்டும்.

குடியிருப்போர் சங்கம், கல்லூரி மாணவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் என்று புதிதாக இதில் இறங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர், கோவையின் வெள்ளலூர் மாதிரியான பழைய கிடங்குகள்தான் கணக்கு. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைப் புதைக்கும் நிலத்துக்கு அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு இருக்க வேண்டும் என்றன. பழைய கிடங்குகள் அதற்கெல்லாம் பல வருடம் முன்பே திறந்தவெளியில் கொட்டத் தொடங்கியவை. மழை பெய்தால் தண்ணீர் குப்பைக்குள் இறங்கி, அழுகியதையெல்லாம் கரைத்துக்கொண்டு கறுப்பாக அடியில் வடிகிறது. இந்தக் கசிவுநீர் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

முதலில் தண்ணீர் ஓடும் திசை

நிலத்தடி நீரும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆனால் இங்கே மேடு பள்ளம் என்பது தரையுடையது அல்ல, நீர்மட்டத்துடையது. அதைக் கண்டுபிடிக்கக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். மூன்றும் ஒரே வரிசையில் இல்லாமல் முக்கோணமாக அமைய வேண்டும்.

மோட்டாரை முந்தின இரவே நிறுத்தச் சொல்லிவிட்டு, காலையில் யாரும் போடுவதற்கு முன் போய்விடுங்கள். மண் சரியாமல் இருக்க போருக்குள் இறக்கிய கேசிங் பைப்பின் விளிம்பில் பெயின்ட்டால் ஒரு குறி வைத்து, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் நீர்மட்ட நாடா கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் இரும்பு அளவு நாடாவின் நுனியில் கனமான ஒன்றைக் கட்டி, கடைசி ஒன்றிரண்டு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள். நனைந்த கோடு எங்கே முடிகிறது என்று பளிச்சென்று தெரியும். மோட்டார் இறக்கிய போர்களில் குழாய்க்கும் வயருக்கும் நடுவே நாடா சிக்கிக்கொள்ளும், அதனால் மெதுவாக இறக்குங்கள்.

இந்த ஆழத்தைக் குறியின் கடல்மட்ட உயரத்திலிருந்து கழித்தால் நீர்மட்டம் கிடைக்கும். குறியின் உயரத்துக்குச் செல்போன் ஜிபிஎஸ்ஸை நம்பவே கூடாது. சமதளமான ஊரில் நீர்மட்ட வேறுபாடே அரை மீட்டர் இருக்கலாம், செல்போனோ பல மீட்டர் பிசகும். சர்வேயர் ஒருவரை ஒரு நாள் கூப்பிட்டு லெவல் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்பேன்.

மூன்று மட்டங்களும் கைக்கு வந்தால் வரைபடத்தில் சரிவு எந்தப் பக்கம் என்று வரைந்துவிடலாம். வேகத்தையும் தோராயமாகச் சொல்லலாம். ஒரு நாளைக்கு 10 மீட்டர் நீர் கடத்தும் மணல், 500 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு, மணல் துகள்களுக்கு நடுவே கால் பங்கு துளைவெளி என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் வருடத்துக்குச் சுமார் 29 மீட்டர் நகரும். அதே சரிவில் கெட்டியான களிமண்ணாக இருந்தால் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். கிடங்கிலிருந்து 300 மீட்டரில் இருக்கும் வீட்டில் பத்து வருடம் ஒன்றுமில்லாமல் திடீரென்று தண்ணீர் கெடுவதன் கணக்கு இதுதான்.

பெருங்குடியில் இந்தத் திசை விஷயமே சிக்கலானது. கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. 2022-இல் ராம்சார் என்ற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான். அங்கே நிலம் தட்டை. மேற்பரப்புத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. சுற்றிலும் குடியிருப்புகள், அலுவலகக் கட்டடங்கள், லாரிக்குத் தண்ணீர் எடுக்கும் கிணறுகள். ஒரு கிணற்றில் ராத்திரி பகலாக இறைத்தால் சுற்றியுள்ள நீர்மட்டம் அதை நோக்கிச் சரியும், கசிவுநீரும் அந்தப் பக்கமே இழுபடும். அதனால் மழைக்குப் பின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை என்று மட்டத்தைத் திரும்பவும் அளந்து, திசை மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளலூர் கதை வேறு. கோவைப் பக்கம் பாறை நிலம். மேலே சிதைந்த மண், கீழே கெட்டிப் பாறை, அதில் வெடிப்புகள். தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டு போர்களில் ஒன்று கெட்டும் இன்னொன்று சுத்தமாகவும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், வெடிப்பு ஒன்றைத் தொட்டிருக்கிறது, மற்றதைத் தொடவில்லை. முக்கோணக் கணக்கு இங்கே தோராயமான திசையை மட்டும்தான் காட்டும், வேகக் கணக்கு அனேகமாகப் பொய்யாகிவிடும்.

எந்தக் கிணறுகள்?

நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது கசிவு எட்டவே முடியாத மேல்பக்கத்தில் ஒன்றாவது வேண்டும். கீழ்ப்பக்கத்தில் வெவ்வேறு தூரத்தில் மூன்றாவது வேண்டும். இது குறைந்தபட்சம். எட்டுப் பத்து கிணறுகள் கிடைத்தால் படம் தெளிவாக இருக்கும். மேல்பக்கக் கிணற்றை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே வீண், ஏனென்றால் “இந்தப் பகுதித் தண்ணீரே உப்பு” என்பதற்குப் பதில் அந்த ஒரு கிணற்றில்தான் இருக்கிறது.

கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழை, மழைக்குப் பிந்தைய காலம் என்று பருவந்தோறும் சோதிக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. அது கிடங்கை நடத்துபவரின் கடமை. நாம் வெளியே இருக்கும் வீட்டுக் கிணறுகளில்தான் தொடங்க முடியும்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் மொத்த ஆழம், கேசிங் எவ்வளவு ஆழம் இறக்கியிருக்கிறது, எந்த வருடம் போட்டது, எதற்குப் பயன்படுத்துகிறார்கள், செப்டிக் டேங்க் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேசிங் ஆழம் ரொம்ப முக்கியம். பாறைப் பகுதியில் மேல்மண் முழுவதையும் கேசிங் அடைத்துவிடும், ஆழத்து வெடிப்புத் தண்ணீர் மட்டுமே வரும். அந்த போரில் தண்ணீர் நன்றாக இருந்தாலும், பக்கத்துத் திறந்தவெளிக் கிணறு கெட்டுப்போய்க் கிடக்கலாம். கசிவு முதலில் எட்டிப்பார்ப்பது மேல்மட்டக் கிணறுகளைத்தான். அதனால் ஆழமில்லாத கிணறு, அடிகுழாய், ஆழமான போர் மூன்றும் பட்டியலில் கலந்து இருக்கட்டும்.

எதையெல்லாம் சோதிப்பது?

உலோகம், பூச்சிமருந்து என்று நீளமான பட்டியலைக் கொடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஈயமும் காட்மியமும் மண்ணில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வரும். முன்னால் ஓடிவருவது குளோரைடு. அது மண்ணில் ஒட்டாது, சிதையாது, தண்ணீரின் வேகத்திலேயே வரும். அதோடு பிஎச், மின்கடத்துதிறன், டிடிஎஸ், அம்மோனியா, நைட்ரேட், சல்பேட், பைகார்பனேட், சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு, சிஓடி (கரிமக் கழிவு எவ்வளவு என்று காட்டும் சோதனை). முதல் சுற்றுக்கு இவை போதும். சந்தேகம் வலுக்கும் கிணறுகளில் மட்டும் இரண்டாம் சுற்றில் ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக், நிக்கல், பாதரசம் கேளுங்கள். குடிக்கப் பயன்படும் கிணறு என்றால் மலக் கிருமியான ஈ.கோலை சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சென்னைக்கு மே மாதம், நவம்பர், ஜனவரி கடைசி என்று மூன்று சுற்று பொருத்தமாக இருக்கும். மழைக்காலத்தில் கசிவு அதிகம் கிளம்பும், மழைத்தண்ணீர் கலந்து நீர்த்தும் போகும். எது மேலோங்கியது என்பது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தண்ணீர் பிடிப்பது

பெரும்பாலான கண்காணிப்பு ஆய்வகத்தில் கெடுவதில்லை, குழாயடியில்தான் கெடுகிறது.

மேல்நிலைத் தொட்டியிலிருந்தோ சம்ப்பிலிருந்தோ பிடிக்கக் கூடாது. மோட்டாரிலிருந்து வரும் முதல் குழாயில், வடிகட்டிக்கும் சாஃப்ட்னருக்கும் முன்பாகப் பிடிக்க வேண்டும். குழாய்க்குள்ளே தேங்கி நின்ற தண்ணீர் நிலத்தடி நீர் ஆகாது, அதை முதலில் வெளியேற்ற வேண்டும். தினமும் ஓடும் போர் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுவிட்டு மின்கடத்துதிறனைப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, அடுத்தடுத்த மூன்று அளவுகளும் 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால், பிஎச்சும் 0.1-க்கு மேல் ஆடாமல் இருந்தால், பாட்டிலை எடுக்கலாம்.

ரொம்ப நாளாகப் பயன்படுத்தாத போர் என்றால் கணக்குப் போட வேண்டும். ஆறு அங்குல போரில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 18.2 லிட்டர். 20 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 365 லிட்டர். அதைப் போல மூன்று மடங்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு மேல் இறைத்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கிணற்றடியிலேயே கொட்டினால் திரும்பவும் உள்ளே போகும், தள்ளிவிடுங்கள்.

மின்கடத்துதிறன் மீட்டரைக் கிளம்பும் முன் 1413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசலிலும், பிஎச் மீட்டரை 4, 7, 10 கரைசல்களிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேனா மாதிரி விற்கும் டிடிஎஸ் மீட்டர் மின்கடத்துதிறனை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கித்தான் டிடிஎஸ் என்று காட்டுகிறது. ஆகவே மின்கடத்துதிறனையே குறித்துக்கொள்வது நல்லது.

இந்த நேரத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து ஓரமாக வையுங்கள். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அரை மணி நேரத்தில் லேசாக மஞ்சளித்து, மேலே மெல்லிய ஆடை படிந்து, வாளிச் சுவரில் செம்பழுப்புக் கோடு விழுந்தால், நிலத்துக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வருகிறது, காற்று பட்டதும் துருவாகப் படிகிறது. இது குப்பையால்தான் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, சதுப்பு மண்ணிலும் இப்படி நடக்கும். ஆனால் மேல்பக்கக் கிணற்று வாளியில் கோடு விழாமல் கீழ்ப்பக்கத்தில் விழுந்தால் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் துரு விஷயத்தால்தான் உலோகச் சோதனைக்கான தண்ணீரை அந்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் பிடிக்க வேண்டும். அப்படியே விட்டால் இரும்பு படியும்போது ஆர்செனிக்கையும் ஈயத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு அடியில் போய்விடும். தாளில் “இல்லை” என்று வரும்.

பாட்டில்களை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள், பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம். சாதாரணப் பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசலாம். அமிலம் விட்ட பாட்டிலையும், கிருமிச் சோதனைக்கான பாட்டிலையும் அலசவே கூடாது, வழியவும் விடக் கூடாது. அமிலம் கையில் பட்டால் புண்ணாகும், கையுறை போடுங்கள். அம்மோனியா, சிஓடிக்குக் கந்தக அமிலம் விட்ட தனிப் பாட்டில். அமிலம் சேர்க்காத நைட்ரேட் பாட்டில் 48 மணி நேரத்துக்குள்ளும், கிருமிச் சோதனைப் பாட்டில் அன்றைக்கேவும் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். எல்லாவற்றையும் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் 4 டிகிரி அளவில் வைத்திருங்கள். மார்க்கரில் எழுதும் பெயர் ஈரத்தில் அழியும், மேலே செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள்.

பத்துக்கு ஒன்று என்று ஒரே கிணற்றில் இரட்டைப் பாட்டில் பிடித்து, வேறு பெயரிட்டு அனுப்புங்கள். காய்ச்சி வடித்த நீரை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கூடவே கொடுங்கள். இரட்டையில் முடிவுகள் ரொம்ப வேறுபட்டாலோ, காய்ச்சி வடித்த நீரில் அம்மோனியா வந்தாலோ எங்கோ தவறு நடந்திருக்கிறது. யார் பிடித்தது, எப்போது, யார் கையில் கொடுத்தது என்ற விவரம் கையெழுத்தோடு ஒரு தாளில் இருக்கட்டும். பின்னால் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்தான்.

அப்புறம், திறந்த கிணற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம். குப்பையிலிருந்து வரும் வாயு மண் வழியாக நகர்ந்து அங்கே தேங்கி நிற்கலாம்.

ஆய்வகமும் தாளும்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் அடிப்படைச் சோதனைகளுக்குக் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். வழக்கு, மனு என்று போகும் எண்ணம் இருந்தால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகம்தான் சரி. அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாக இருந்தால் போதாது, நீங்கள் கேட்கும் ஒவ்வொரு சோதனைக்கும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கொடுக்கும் முன்பே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: குறைந்தபட்சம் எவ்வளவு வரை கண்டறிவீர்கள்? குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை என்கிறது. காட்மியத்துக்கு 0.003. ஆய்வகத்தின் கருவி 0.05-க்குக் கீழே ஈயத்தைப் பார்க்காது என்றால், “கண்டறியப்படவில்லை” என்று வரும் முடிவுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

தாள் வந்ததும் தர எல்லையைப் பார்ப்பதற்கு முன் கூட்டல் கழித்தலைச் சரிபாருங்கள். சோடியத்தை 23-ஆல், பொட்டாசியத்தை 39-ஆல், கால்சியத்தை 20-ஆல், மக்னீசியத்தை 12.2-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். குளோரைடை 35.5-ஆல், சல்பேட்டை 48-ஆல், பைகார்பனேட்டை 61-ஆல், நைட்ரேட்டை 62-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். அம்மோனியா நிறைய இருந்தால் அதையும் முதல் பக்கம் சேர்க்க வேண்டும். முதல் தொகை நேர்மின்னேற்றம், அடுத்தது எதிர்மின்னேற்றம், அதனால் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் 5 சதவீதத்துக்குள் வருவது நல்லது. 10-ஐத் தாண்டினால் தாளை ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்பிக் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு என்பதால் முதலில் முறைப்பார்கள், பிறகு பார்த்துத் தருவார்கள்.

சரி, இப்போது ஒப்பீடு. கீழ்ப்பக்கக் கிணற்றில் குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம் (இனி வரும் அளவுகளும் லிட்டருக்கு மில்லிகிராம்தான்). ஏற்கத்தக்க அளவு 250, ஆக “எல்லைக்குள் இருக்கிறது” என்று தாள் சொல்லும். மேல்பக்கக் கிணற்றில் 40 தான் என்றால் ஐந்து மடங்கு கூடியிருக்கிறது, கசிவு எட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மாறாக இரண்டு பக்கமும் 900 என்றால் எல்லை மீறியிருந்தாலும் கிடங்கைக் குறைசொல்ல அது போதாது.

பெருங்குடி மாதிரிக் கடலோரத்தில் உப்பு எங்கிருந்து வந்தது என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடல்நீரில் குளோரைடில் சுமார் 14 சதவீத அளவுக்குச் சல்பேட்டும், 2 சதவீத அளவுக்குப் பொட்டாசியமும் இருக்கும். பைகார்பனேட் சொற்பம், அம்மோனியா இல்லையென்றே சொல்லலாம். குளோரைடு 1,000, சல்பேட் 140-ஐ ஒட்டி, பொட்டாசியம் 20-ஐ ஒட்டி என்றால் கடலின் சாயல். அதே 1,000 குளோரைடோடு பைகார்பனேட்டும் ஏகமாக, பொட்டாசியம் 100-ஐத் தாண்டி, அம்மோனியாவும் சிஓடியும் கூட வந்தால் குப்பையின் சாயல். களிமண் பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அது குறைந்திருப்பதை வைத்து மட்டும் கிடங்கை விடுவித்துவிடவும் கூடாது.

நைட்ரேட்டில் புதியவர்கள் அடிக்கடி ஏமாறுவார்கள். நைட்ரேட் குறைவு என்றால் தண்ணீர் நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். கசிவு நேராகத் தாக்கும் இடத்தில் ஆக்சிஜன் இல்லாததால் நைட்ரேட் சிதைந்து காணாமல் போகும், நைட்ரஜன் அம்மோனியாவாகவே நிற்கும். ஆக, நைட்ரேட் பூஜ்யம், அம்மோனியா 5, இரும்பும் மாங்கனீசும் அதிகம் என்று வந்தால் அதுதான் பட்டியலிலேயே மோசமான கிணறு. அம்மோனியாவுக்குத் தர எல்லை 0.5. நைட்ரேட் 80, அம்மோனியா இல்லை, ஈ.கோலை இருக்கிறது என்றால் முதலில் பக்கத்துச் செப்டிக் டேங்கைப் பாருங்கள்.

ஒரு சுற்றை வைத்து முடிவு எழுத வேண்டாம். நான்கு சுற்றாவது ஆன பிறகு கிணற்றுக்கு ஒரு கோடு என்று குளோரைடையும் அம்மோனியாவையும் காலவரிசையில் வரையுங்கள். மேல்பக்கக் கோடு படுத்தே கிடக்க, கீழ்ப்பக்கத்தில் கிடங்குக்குக் கிட்டே இருப்பது முதலிலும் தள்ளி இருப்பது பின்னாலும் ஏறுகிறது என்றால், எந்த அதிகாரியிடமும் கொண்டுபோய்க் காட்டலாம். குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் நடக்கும் கிடங்கில், அந்த வேலை எந்தப் பகுதியில் எந்த மாதம் நடந்தது என்பதையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். மூடிக் கிடந்த குப்பையைக் கிளறும்போது மழைநீர் இறங்கும் வழி மாறும்.

முடிவு வந்த பிறகு

முதலில் சொல்ல வேண்டியது கிணற்றுக்காரரிடம்தான், வாட்சப் குழுவில் போடுவது அப்புறம். நைட்ரேட் 45-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட்டும் உலோகமும் ஆவியாகாமல் இன்னும் செறியும். மாற்றுத் தண்ணீருக்கு ஊராட்சியிடமோ குடிநீர் வாரியத்திடமோ கேட்க அந்தத் தாள் உதவும்.

கிடங்கை நடத்தும் உள்ளாட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் பருவந்தோறும் எடுத்த நிலத்தடி நீர் முடிவுகளை 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். முடிவுகள் என்று மட்டும் கேட்காமல், கண்காணிப்புக் கிணறுகளின் இருப்பிடம், ஆழம், நீர்மட்டம், தண்ணீர் பிடித்த தேதி, ஆய்வகத்தின் பெயர், கண்டறியும் எல்லை என்று தனித்தனியாகக் கேளுங்கள். மனு கொடுக்கும்போது உங்கள் தாள்கள், கிணற்று வரைபடம், நீர்மட்ட அட்டவணை, கையெழுத்துத் தாள் நான்கையும் சேர்த்துக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.